கல்லென்று மிதிக்காதீர்கள்

அண்ணன் தன் வலது பாதத்தைத் தூக்கி எதிரே கிடந்த ஸ்டூலில் வைத்தார். சுண்டுவிரலுக்குக் கீழே, பாதத்தின் ஓரத்தில், மிளகு அளவுக்கு இரண்டு கருத்த வடுக்கள்.

"பதினாறு வருசம் ஆச்சு தம்பி. மழை பிடிச்சா இன்னமும் உள்ளுக்குள்ள சுள்ளுங்குது."

பத்துபஸ்தியில் நான் விழித்த முதல் காலை அது. வாசலில் தகரக் கூரையின் நிழல். வேலிக்கு அப்பால் தென்னையும் பாக்கும். மதினி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அந்தமானுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் செல்லுலார் சிறையைப் பார்க்கவும் வெண்மணல் கடற்கரையில் குளிக்கவும் வருகிறார்கள். நான் ஒரு மீனைப் பார்க்க வந்திருந்தேன். மீனைப் பார்ப்பதற்கு முன்னால் அது விட்டுப்போன தழும்பைப் பார்த்தேன்.

அதன் பெயர் கல்மீன். தேள்மீன் குலத்தைச் சேர்ந்தது. உலகத்து மீன்களிலேயே மிகக் கடுமையான நஞ்சு உடையது என்று சொல்லப்படுவது இதுதான்.

இந்தக் குலத்தின் மேல் எனக்கு ஈடுபாடு வந்தது எங்கள் சேதுக்கரையால். ராமநாதபுரம் மாவட்டத்தில், திருப்புல்லாணிக்குப் பக்கத்தில் இருக்கும் கரை அது. அமாவாசைக்கு அமாவாசை பிதுர்க்கடன் கழிக்க வருகிற கூட்டம் இடுப்பளவு நீரில் இறங்கி முழுகும். 2020ஆம் ஆண்டு மே மாதம் அந்தக் கரையின் பெயர் நாளிதழ்களில் வேறொரு காரணத்துக்காக வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அறிவியலாளர் ஜெயபாஸ்கரன் தலைமையிலான குழு, அங்கே கடற்புல் வெளிகளை ஆராய நீருக்குள் இறங்கியிருந்தது. அப்போது அரிய தேள்மீன் வகை ஒன்று அவர்கள் கண்ணில் பட்டது. இந்தியக் கடலில் அந்த வகை உயிரோடு காணக் கிடைத்தது அதுவே முதல்முறை. பவளத்தின் பழைய எலும்புக்கூடு என்றுதான் முதலில் எண்ணியிருக்கிறார்கள். கொஞ்சம் சீண்டியதும் அந்த 'எலும்புக்கூடு' வெள்ளை நிறத்திலிருந்து பழுப்புத் திட்டுகளுக்கு மாறியிருக்கிறது.

சிறுவயதில் நான் கால் பதித்து விளையாடிய கடல் அது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, தரையோடு தரையாகக் கிடக்கும் இந்த மீன்களில் ஒன்றையாவது அது வாழும் இடத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மனத்தை விட்டுப் போகவில்லை. பவளத்திட்டுகள் செழித்த அந்தமான்தான் அதற்கு ஏற்ற இடம் என்று நண்பன் சொன்னான். பத்துபஸ்தியில் குடியிருக்கும் தன் அண்ணன் வீட்டு முகவரியையும் கொடுத்தான்.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். அண்ணனின் அப்பா வந்த காலத்தில் கப்பல்தான். மூன்று நாள் கடல். இன்றும் கப்பல் ஓடுகிறது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். ஆனாலும் ஆட்டோக்காரர் முதல் காய்கறிக் கடைக்காரர் வரை எல்லோர் வாயிலும் இன்னும் போர்ட் பிளேயர்தான்.

'பஸ்தி' என்றால் இந்தியில் குடியிருப்பு. பிரோத்ராபூர், கராச்சர்மா என்று அடுத்தடுத்துப் பரவிக் கிடக்கும் புறநகர்ப் பகுதிகளில் பத்துபஸ்தியும் ஒன்று. ஒரே தெருவில் தமிழ் வீடு, தெலுங்கு வீடு, வங்காளி வீடு, ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் வீடு. எல்லோருக்கும் பொதுவாக ஓர் எளிய இந்தி. அண்ணன் வீட்டுப் பிள்ளைகள் அம்மாவிடம் தமிழும் தெருவில் இந்தியும் பேசுகின்றன. தாளிக்கும் வாசனை மட்டும் ராமநாதபுரத்து வாசனை.

அன்று காலை அண்ணன் தன் கதையைச் சொன்னார்.

"நமக்கு மெக்கானிக் வேலை. ஞாயித்துக்கிழமை வீச்சுவலையை எடுத்துக்கிட்டு கடலுக்குப் போறது ஒரு பழக்கம். அன்னிக்கு நல்ல வத்தம். முழங்கால் தண்ணி. செருப்பு மணல்ல மாட்டுதுன்னு கழட்டி இடுப்புல சொருகிட்டேன். வலையை வீசுறதுக்கு ஒரு கல்லு மேல காலை ஊனுனேன். கல்லு அசைஞ்சுச்சு தம்பி."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தேள் கொட்டியிருக்கு, கெளுத்தி முள்ளு அடிச்சிருக்கு, எல்லாம் பட்டிருக்கேன். இது அந்த மாதிரி இல்ல. நிமிசத்துக்கு நிமிசம் ஏறுது. தொடை வரைக்கும் வந்திருச்சு. காலை வெட்டி எடுத்திருங்கடான்னு கத்துனேன்."

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த தெலுங்குப் பெரியவர் ஒருவர்தான் அவரைத் தூக்கி உட்காரவைத்தார். கட்டுப் போடவில்லை, கத்தியை எடுக்கவில்லை. டீ போட வைத்திருந்த அடுப்பில் தண்ணீரைக் காயவைத்து, தன் கையை விட்டுப் பதம் பார்த்து, அண்ணனின் பாதத்தை அதில் அமுக்கினார். ஆற ஆற மறுபடியும் வெந்நீர் ஊற்றினார். அரை மணி நேரத்தில் வலி பாதியாக இறங்கியது. பிறகு ஆஸ்பத்திரி. வீக்கம் வற்றப் பத்து நாள் ஆயிற்று. முள் பட்ட இடத்துச் சதை கருகி, ஆறி, வடுவாக மாற இரண்டு மாதம்.

"அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு கேட்டேன். அவங்க அப்பா செஞ்சாராம்" என்று முடித்தார்.

அந்தப் பெரியவர் செய்த வைத்தியத்தையேதான் இன்றைய மருத்துவ நூல்களும் முதலுதவியாகச் சொல்கின்றன. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மீனைப் பார்க்க நீல் தீவுக்குப் போவது என்று முடிவாயிற்று. 2018 டிசம்பர் இறுதியில் அதற்கு ஷஹீத் தீவு என்று பெயர் வைத்தார்கள். பீனிக்ஸ் பே துறையில் அரசுப் படகு ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடியேற்றிய தீவு அது. இன்றைக்கும் போர்ட் பிளேயர் சந்தைக்குக் காய்கறி அனுப்புகிற ஊர்.

பரத்பூர் துறையில் இறங்கியதுமே அண்ணன் என் தோளைத் தொட்டுத் துறைத் தூணின் அடியைக் காட்டினார். நிழல் விழுந்த தெளிந்த நீரில் ஒரு சிங்கமீன். செம்பழுப்பும் வெள்ளையுமாக உடலெங்கும் பட்டைகள். இறகு இறகாக விரிந்த துடுப்புகள். அவசரமே இல்லாமல், விசிறியை விரித்து வைத்தது போல மிதந்துகொண்டிருந்தது. இதுவும் தேள்மீன் குலம்தான். முதுகில் 13, அடிவயிற்றுத் துடுப்புகளில் 2, வால்பக்கத்து அடித்துடுப்பில் 3 என்று 18 நச்சு முட்கள். "நான் இங்கே இருக்கிறேன், எட்டிப் போ" என்று ஊருக்கே அறிவித்துக்கொண்டு திரிகிற மீன். அதன் பங்காளியான கல்மீன் இதற்கு நேர்மாறு: நான் இங்கே இல்லவே இல்லை என்று கிடக்கிறது. ஒரே குலம், ஒரே ஆயுதம், பிழைப்புக்கு மட்டும் இரண்டு வழி.

மாலை நான்கு மணிக்கு லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரைக்குப் போனோம். பௌர்ணமிக்கு மறுநாள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் பிற்பகலில் இங்கே கடல் வெகுதூரம் வற்றுகிறது. அலைகள் குடைந்து உண்டாக்கிய இயற்கைப் பாறைப் பாலம் ஒன்று அங்கே இருக்கிறது. வங்காளத்துக்காரர்கள் அதை ஹவுரா பாலம் என்று அழைக்கிறார்கள். அதற்கு முன்னால் ஏக்கர் கணக்கில் பவளப்பாறைத் தரை வெளியே தெரிந்தது. நடுநடுவே தாம்பாளம் அளவிலும் கிணறு அளவிலும் குட்டைகள். கடல் திரும்பி வரும் வரை அந்தக் குட்டைகளில் மாட்டிக்கொண்ட உயிர்களே ஓர் உலகம். கருத்த கடல் அட்டைகள், கடல் முள்ளெலிகள், நீல உதடு விரித்த சிப்பிகள்.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவன் இருபது வயது வங்காளிப் பையன். கையில் ஒரு மூங்கில் குச்சி. காலில் தடித்த அடியுள்ள பழைய ஷூ. "என் கால் போன இடத்தில் மட்டும் கால் வையுங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு முன்னால் நடந்தான். மணல் படிந்த இடமாகப் பார்த்துப் பார்த்து அடி வைத்தான். உயிருள்ள பவளத்தின் மேல் அவன் கால் ஒருமுறைகூடப் படவில்லை.

முழங்கால் ஆழக் குட்டை ஒன்றின் ஓரத்தில் நின்று குச்சியை நீட்டினான். "தேகோ."

பார்த்தேன். மணல், உடைந்த பவளத்துண்டுகள், பாசி பிடித்த ஒரு கல். பார்த்துக்கொண்டே இருந்தேன். "எங்கே?" என்றேன். அவன் பேசாமல் நின்றான். அண்ணன் மட்டும் மெல்ல ஓரடி பின்வாங்கினார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு அந்தக் கல் மூச்சு விட்டது.

ஓரம் மயிரிழை அளவுக்கு எழும்பித் தாழ்ந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த ஓர் அசைவுக்குப் பிறகு கல் கலைந்து மீனாயிற்று. முதலில் தெரிந்தது வாய். மேல்நோக்கிச் செங்குத்தாகப் பிளந்த, கவிழ்த்த பிறை போன்ற வாய். அதற்கு மேலே துருத்தி நின்ற இரண்டு சிறு கண்கள், மணல் பருக்கையிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாதவை. செதிலே இல்லாத தோல் முழுக்கப் பரு. பருவுக்குப் பரு நடுவில் பச்சைப் பாசி. ஒரு பக்கம் பவளத்துச் சுண்ணத்தின் வெளிர்சிவப்பு. கன்னத்துக்குக் கீழே பெரிய விசிறி போன்ற துடுப்பு பாதி மணலுக்குள் புதைந்திருந்தது. அந்தத் துடுப்புகளால்தான் அது மணலைத் தள்ளித் தன் உடம்புக்குப் பள்ளம் பறிக்கிறது. ஒரு முழம்கூட இல்லாத உடம்பு. பெரிய மீன்களும் 40 சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளர்கின்றன.

அந்த நேரத்தில் எங்களுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம். சுற்றுலா வந்த ஒரு குடும்பம். ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் ரப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குட்டைக்குக் குட்டை தாவி வந்தான். எங்கள் குட்டையின் மறுகரையில் நின்று, நடுவில் இருந்த அந்தக் கல்லைப் பார்த்தான். தாண்டுவதற்கு வசதியான கல். காலைத் தூக்கினான்.

"ருக்கோ!"

வழிகாட்டியின் குரல் பாறையில் மோதித் திரும்பியது. பையன் தூக்கிய காலோடு நின்றான். அண்ணன் இரண்டே எட்டில் சுற்றிப் போய் அவனைத் தூக்கிக்கொண்டார். அவர் கை நடுங்கியது.

பையனின் அப்பா ஓடி வந்தார். வழிகாட்டி குச்சியின் நுனியை நீருக்குள் விட்டு, மீனைத் தொடாமல், அதற்கு ஒரு சாண் தள்ளி மணலை மெல்லக் கலக்கினான். மீன் ஓடவில்லை. முதுகுத் தோல் மட்டும் வரிசையாகப் புடைத்தது. ஒவ்வொரு புடைப்பிலும் ஒரு முள் நிமிர்ந்தது. மொத்தம் 13. முழுதும் வெளியே தெரியாது. தடித்த தோல் உறைக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கும். சில நிமிடம் அப்படியே கிடந்தது. பிறகு ஒவ்வொன்றாக முட்கள் படுத்தன. மறுபடியும் கல்.

அந்த முட்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் இந்த மீனைப் பற்றிய நம் நினைப்பே மாறிவிடும்.

ஒவ்வொரு முள்ளின் இரு பக்கமும் நீளவாக்கில் ஒரு பள்ளம். பள்ளத்தில் நஞ்சுப் பை ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் மூடித் தோல் உறை. மேலிருந்து ஒரு கால் அழுத்தும்போது உறை கீழே தள்ளப்படுகிறது, பை நசுங்குகிறது, நஞ்சு பள்ளம் வழியாக மேலேறிக் காயத்துக்குள் பாய்கிறது. பாம்பு தன் தசையால் நஞ்சைச் செலுத்துகிறது. தேள் கொடுக்கை வீசுகிறது. கல்மீன் எதையும் செலுத்துவதில்லை, எதையும் வீசுவதில்லை. அழுத்துவது நம் உடம்பின் எடை. எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு ஆழமாக முள்ளும் நஞ்சும் இறங்குகின்றன. தேள்மீன் என்று பெயர் வைத்தோமே தவிர, அது நம்மைக் கொட்டுவதே இல்லை.

இரை பிடிக்கவும் அது நஞ்சைப் பயன்படுத்துவதில்லை. அதற்கு வாயே போதும். சிறு மீனோ இறாலோ முகத்துக்கு எதிரே வரும்வரை மணிக்கணக்காகக் காத்திருக்கும். எட்டும் தூரம் வந்ததும் வாய் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சி மூடிவிடும். இதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் நூறில் இரண்டு பங்கு கூட இல்லை. ஓடித் துரத்தும் வேலையே கிடையாது. ஆகவே இந்தக் குலத்தின் மீன்கள் பலவற்றுக்கு மற்ற மீன்களைப் போல உடலை மிதக்கவைக்கும் காற்றுப்பையும் இல்லை. கடல்தரைதான் அவற்றின் வீடு.

ஓடவும் தெரியாமல், மிதக்கவும் முடியாமல், பவளத் தரையில் தட்டையாகக் கிடக்கும் மீனை நாளெல்லாம் மேய்ந்து திரியும் பெரிய திருக்கைகளும் சுறாக்களும் சும்மா விடுமா? அவற்றுக்கு எதிராக அது தன் முதுகில் வளர்த்துக்கொண்டதுதான் இந்த 13 முட்கள். நம் பாதம் இந்தக் கணக்கிலேயே இல்லாதது.

இன்னும் ஓர் ஆயுதம் இருப்பது 2018இல்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோ ஸ்மித் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் கல்மீன் கூட்டத்தின் எலும்புகளை ஆராய்ந்து, கண்ணுக்குக் கீழே மடக்குக்கத்தி போல மடங்கி விரியும் ஒரு முள் இருப்பதை விளக்கி எழுதினார்கள். வேண்டும்போது விரித்துப் பூட்டிக்கொள்ளும், வேண்டாதபோது மடக்கிவிடும். 200 ஆண்டுகளுக்கு மேலாக அருங்காட்சியகங்களின் கண்ணாடிக் குடுவைகளில் இருந்த மீன்கள் இவை. கண்ணெதிரே இருந்தும் யாரும் கவனித்து எழுதாத ஆயுதம்.

200 ஆண்டுகள் என்றதும் எனக்கு நம் தரங்கம்பாடி நினைவுக்கு வருகிறது. கல்மீனின் இன்றைய அறிவியல் பெயர் வெளியானது 1801இல், பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் புளோக் தொடங்கி வைத்துவிட்டுப் போன நூலில். புளோக் 1799இல் காலமான பின் அதை ஷ்னைடர் முடித்து வெளியிட்டார். பருக்கள் நிறைந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்தப் புளோக்குக்குச் சோழமண்டலக் கரையின் மீன்களைச் சேகரித்து அனுப்பிவந்தவர் தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானிய மதபோதகர் கிறிஸ்தோப் சாமுவேல் ஜான். அவருக்கு மீன் பிடித்துக் கொடுத்தவர்கள் நம் கரைக்காரர்கள்தானே. உலக மீன் அறிவியலின் தொடக்க ஏடுகளில் தமிழ்க் கரையின் வலை இருக்கிறது. அதைப் பிடித்த கைகளின் பெயர் மட்டும் எழுதப்படவில்லை. சேதுக்கரையில் நடந்தது அந்த நீண்ட கதையின் இன்றைய பக்கம்.

இருட்டு விழத் தொடங்கியிருந்தது. அந்தமானில் ஐந்தரைக்கெல்லாம் சூரியன் போய்விடுகிறது. கடல் திரும்பி வந்துகொண்டிருந்தது. பாறை இடுக்குகளில் முதலில் சலசலப்பு. பிறகு குட்டைக்குக் குட்டை நீர் தொட்டுக்கொண்டது. கரைக்குத் திரும்பும் வழியில் நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. பாதை நெடுக நொறுங்கிக் கிடந்த பவளம். கிளைகிளையாக வளர்ந்திருந்தவை மிதிபட்டு, விரல்நீளத் துண்டுகளாக, வெளுத்துக் கிடந்தன. வழிகாட்டிப் பையன் ஒரு துண்டை எடுத்துக் காட்டினான். விளிம்பில் இன்னும் பச்சை ஈரம். "இன்று உடைந்தது" என்றான்.

கிளைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் வளர்கிறது. உருண்டைப் பவளங்கள் அதைவிட மிக மெதுவாக. ஒரு சுற்றுலாப் பயணியின் ஓரடி பத்தாண்டு வளர்ச்சியை ஒரே நொடியில் உடைத்துவிடும்.

இந்தக் கடல்தரை ஏற்கெனவே நிறையப் பட்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் தரை உயர்ந்தது. பவளத்திட்டுகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் செத்தன. தெற்கு அந்தமானின் தரையோ ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. பத்துபஸ்தியிலிருந்து வண்டூர் போகிற வழியில் சிப்பிகாட் என்ற இடம் வரும். அன்று வரை நெல் விளைந்த வயல்களில் கடல் புகுந்து அப்படியே தங்கிவிட்டது. இன்றைக்கும் அங்கே ஏற்றமும் வற்றமும் நடக்கின்றன. அண்ணன் அந்த இடத்தைக் காட்டியபோது, நெல்வயல் கடல்தரையாகிக் கிடப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அடுத்து வெப்பம். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன. 2010இல் நேர்ந்த சேதம் மிகப் பெரியது. பவளம் செத்தால் அதன் கிளைகளுக்குள் ஒளிந்து வாழும் குஞ்சு மீன்களுக்கு இடம் இல்லை. குஞ்சு மீன் இல்லாவிட்டால் வாயெதிரே வரும் இரைக்காகக் காத்துக் கிடக்கும் கல்மீன் எத்தனை நாள் காத்திருக்கும்?

தன் இடத்தில் இருக்கும்வரை இந்தக் குலம் கடலுக்குப் பாரமாக இருப்பதில்லை. இடம் மாற்றியது மனிதன். இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய சிங்கமீனை அழகுக்காக மீன்தொட்டிகளில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். 1985இல் புளோரிடா கரையில் முதல் சிங்கமீன் கடலில் காணப்பட்டது. அங்கே அதைத் தின்னப் பழகிய மீனும் இல்லை. அதைக் கண்டு ஓடப் பழகிய மீனும் இல்லை. ஒரு பெண் மீன் ஆண்டுக்கு 20 லட்சம் முட்டைகள் வரை இடும். இன்று கரீபியன் தீவுகள் முழுக்க அது பரவி, அந்தக் கரை மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது. முட்களை வெட்டிவிட்டுச் சமைத்துச் சாப்பிடுங்கள் என்று அந்த நாட்டு அரசுகளே மக்களைக் கேட்டுக்கொள்கின்றன. சமைக்கும் சூட்டில் அந்த நஞ்சு செயலிழந்துபோகிறது. பரத்பூர் தூணடியில் விசிறி விரித்து நின்ற மீன் அங்கே கொள்ளைநோய், இங்கே வீட்டுக்காரர்.

சூட்டுக்கு அடங்கும் இந்த நஞ்சின் குணத்தில்தான் தெலுங்குப் பெரியவரின் வைத்தியம் இருக்கிறது. தேள்மீன்களின் நஞ்சு புரதத்தால் ஆனது. கல்மீன் நஞ்சு நம் உயிரணுக்களின் சவ்வில் துளை போடுகிறது என்பதையும், அதன் வடிவத்தையும், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்டார்கள். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் உருமாறுவது போல இந்தப் புரதமும் சூட்டில் குலைந்துபோகிறது. வலியும் தணிகிறது. ஆஸ்திரேலியாவில் 1959 முதல் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த முறிமருந்தும் உண்டு. ஆனால் ஒரு தீவின் கரையில், ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கும்போது, உடனே கைக்கு எட்டுவது வெந்நீர்தான்.

கடலோரத்தில் வாழ்கிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முள் பட்டவரை உடனே கரைக்குக் கொண்டுவாருங்கள். வலியில் மயங்கி நீருக்குள் விழுந்து மூழ்கிவிடும் ஆபத்து உண்டு. பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியசுக்கு மேல் போகாத வெந்நீரில், பட்ட இடத்தை 30 முதல் 90 நிமிடம் வரை அமிழ்த்தி வையுங்கள். சூட்டைப் பதம் பார்க்க வேண்டியது பட்ட காலால் அல்ல. வலியில் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். உதவி செய்பவர் தன் கையை விட்டுப் பார்க்க வேண்டும். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். வலி தணிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். முள் முறிந்து உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டெட்டனஸ் ஊசி போட வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் வெந்நீருக்காகவும் நிற்காமல் கொண்டுபோங்கள்.

மறுநாள் பத்துபஸ்திக்குத் திரும்பினோம். சாயங்காலம் மதினி நெய்மீன் குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிடும்போது அண்ணன் அந்தப் பையனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். "அவன் காலைத் தூக்குனதும் எனக்கு என் கால்தான் தெரிஞ்சுச்சு" என்றார்.

பிறகு, யோசித்து, மெதுவாகச் சொன்னார்: "ஆனா ஒண்ணு தம்பி. பதினாறு வருசமா அந்த மீன் என்னைக் கடிச்சிருச்சுன்னுதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். நேத்து அது கெடந்த கெடையைப் பார்த்ததும்தான் மனசுக்குப் பட்டுச்சு. அது எங்க வந்து கடிச்சுச்சு? நான்ல போயி மிதிச்சேன்."

நான் இந்தப் பயணத்தில் கற்றுக்கொண்டது முழுவதும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. கல்மீனின் முள் குத்துகிற கால், பெரும்பாலும், பவளத்தின் மேல் வைக்கக் கூடாத இடத்தில் வைத்த கால். மீனுக்குப் பயந்தாவது பவளத்தை மிதிக்காமல் இருந்தால், அந்த மீன் தன் தரையைக் காத்துக்கொண்டதாக ஆகும்.

அந்தமானுக்கோ மன்னார் வளைகுடாவுக்கோ போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவுதான். வற்றக் கடலில் வெறுங்காலோடு இறங்காதீர்கள்; தடித்த அடியுள்ள காலணி போடுங்கள். உள்ளூர் வழிகாட்டி கால் வைத்த இடத்திலேயே கால் வையுங்கள். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடங்கள். விலகிப்போகக் கூடிய உயிர்களுக்கு விலக நேரம் கொடுங்கள். பவளத்தின் மேல் நிற்காதீர்கள். உயிருள்ளதோ செத்ததோ, ஒரு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். சட்டப்படி அது குற்றம். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். கடலுக்குள் கல்லாகத் தெரிவதையெல்லாம் கல் என்று நினைக்காதீர்கள்.